வலைத்தளத்தை எடைபோடக் கற்றுத்தரும்போது ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

ஒரு தளத்தை நம்பலாமா வேண்டாமா என்று மாணவர்களுக்குச் சொல்லித்தரும்போது, நம்மில் பலர் முதலில் கையில் எடுப்பது ஒரு பட்டியலைத்தான். எழுதியவர் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, 'எங்களைப் பற்றி' பக்கம் உண்டா, எழுத்துப்பிழை இல்லையா? எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தால் தளம் தேறிவிட்டது. ஆனால் பட்டியலில் உள்ள அத்தனையும் அந்தத் தளத்தை நடத்துகிறவர் கையிலேயே இருக்கின்றன. ஏமாற்ற நினைப்பவர் இவற்றைத்தான் முதலில் சரிசெய்து வைப்பார். எனக்குத் தெரிந்து இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. வரலாற்றறிஞர்கள் 10 பேர், ஊடகங்களில் தகவல் சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் கொடுத்த பயிற்சிகளில் ஒன்றில் இரண்டு தளங்கள். ஒன்று, 1930-இல் தொடங்கி பல்லாயிரம் குழந்தை மருத்துவர்களை உறுப்பினராகக் கொண்ட 'அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்'. மற்றது, அதிலிருந்து 2002-இல் பிரிந்துபோன சிறு குழுவான 'அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ்'. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறு குழுவின் தளத்தையே அதிகம் நம்பினார்கள். வரலாற்றறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். தகவல் சரிபார்ப்பவர்களில் ஒருவர்கூடத் தவறவில்லை. மற்றவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் சீக்கிரமே அதைவிட்டு வெளியேறி, புதிய டேப்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். தேடல் முடிவுகளிலும் முதலில் வந்ததைச் சட்டென்று அழுத்தாமல், வரிசை முழுவதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆக, மாணவருக்கு முதலில் பழக்க வேண்டியது பக்கத்தைவிட்டு வெளியே வருவதை. யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, துறைக்காரர்கள் இவர்களை மதிக்கிறார்களா? உள்ளே போய்ப் படிப்பதெல்லாம் அப்புறம்.

தோற்றத்தை வைத்து மதிப்பெண் போடச் சொல்வது இன்னொரு தவறு. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பக்கங்களைத் திறந்து காட்டுங்கள். படமோ அலங்காரமோ இல்லாத வெறும் எழுத்து. பகட்டான தளங்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இதை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் பல நூல்களில் மின்னுரையைத் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று தொடக்கத்திலேயே இருக்கும். சங்கப் பாடலைப் பெயர்கூடச் சொல்லாமல் அழகான பின்னணியில் போடும் தளங்களோடு இதை ஒப்பிடச் சொன்னால் வகுப்பில் நல்ல விவாதம் கிளம்பும்.

முகவரியின் வாலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் வேண்டாம். 'டாட் ஆர்க்' என்றால் சேவை அமைப்பு என்று இன்னும் சொல்லித்தருகிறோம். பணம் கட்டினால் யாரும் அதை வாங்கலாம். மார்ட்டின் லூதர் கிங் பெயரில் 'டாட் ஆர்க்' முகவரி ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியது வெள்ளை இனவெறிக் கும்பல்! 'ஜிஓவி டாட் இன்' அரசுக்கு மட்டுமே உரியது என்பது சரி. அங்கேயும் காலாவதியான சுற்றறிக்கை கிடக்கலாம். முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுச் சின்னத்துக்கு, நமக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவல் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது என்பது மட்டுமே பொருள். அதை நம்பிக்கை முத்திரையாக மக்கள் எடுத்துக்கொள்வதால்தான் 2023-இல் குரோம் உலாவி அந்தச் சின்னத்தையே மாற்றியது.

"நாலைந்து தளங்களில் இதேதான் இருக்கிறது சார்" என்று மாணவர் சொன்னால் உடனே பாராட்டிவிடாதீர்கள். சிதம்பரம் நடராசர் கால் பெருவிரல் பூமியின் காந்த மையத்தில் இருக்கிறது என்பதைத் தமிழில் தேடினால் பக்கம் பக்கமாக வரும். வரிகளை ஒப்பிட்டால் ஒன்றையொன்று பார்த்து ஒட்டியவை என்று புரியும். அதே பதிவுகளில் காளத்தி, காஞ்சி, சிதம்பரம் மூன்றும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதாக வருவது உண்மை, வரைபடத்திலேயே பார்க்கலாம். காந்த நடுக்கோடோ, காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைத்து பூமியைச் சுற்றிவரும் ஒரு கோடு. அதற்கு 'மையப்புள்ளி' என்று ஒன்று கிடையாது. இந்தியாவில் அது தென்கோடியில், திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. அதனால்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் அங்கே ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. உண்மையும் பொய்யும் கலந்த இப்படிப்பட்ட பதிவுதான் பயிற்சிக்கு ஏற்றது. கோயிலின் பெருமைக்கு இதில் எந்தக் குறையும் இல்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

விக்கிப்பீடியா பக்கமே போகக் கூடாது என்று தடைபோடுவதும் உதவாது. அடிக்குறிப்பு வழியாக மூலத்துக்குப் போகவும், கட்டுரையின் மேலே இருக்கும் 'வரலாறு', 'உரையாடல்' பகுதிகளைப் படிக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக, போலித் தளங்களை மட்டுமே காட்டிப் பாடம் நடத்தாதீர்கள். மரத்தில் வாழும் ஆக்டோபஸ் பற்றி 1998 முதல் இருக்கும் வேடிக்கைத் தளம் உலகெங்கும் வகுப்பறைகளில் புகழ்பெற்றது. அந்த மாதிரியையே திரும்பத் திரும்பக் காட்டினால் பிள்ளைகள் எதையுமே நம்பாதவர்களாகிவிடுவார்கள். நல்ல தளத்தை நம்பத் தெரியாததும் குறைதான். பாதிக்குப் பாதி நம்பத்தக்க தளங்களைக் கலந்து கொடுங்கள். மதிப்பெண் போடும்போது 'நம்பலாம்', 'நம்பக் கூடாது' என்ற விடைக்கு மட்டும் போடாமல், எந்தெந்த டேப்களைத் திறந்தார்கள், எதைப் பார்த்து முடிவை மாற்றினார்கள் என்று எழுதச் சொல்லி அதற்கும் போடுங்கள்.