உடற்தகடுகளை இறுக்குவதற்கு முன்

வீட்டில் கிட் கார் (பாகங்களின் தொகுப்பாக வாங்கி நாமே பூட்டும் கார்) கட்டுபவர்கள் பெரும்பாலும் அவசரப்படும் இடம், அதன் வெளிப்புற உடற்தகடுகளைப் பொருத்தும் கட்டமாகும். சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டகத்தை, தாங்கிகளின் மேல் வைத்துக்கொண்டு கதவு இடைவெளிகளைச் சரிசெய்தால், வண்டி தன் சக்கரங்களில் இறங்கியதும் சட்டகம் சற்றே வளைந்து அந்த இடைவெளிகள் மாறிவிடக்கூடும். ஆகையால் எஞ்சின் உள்ளிட்ட எடை ஏறிய பிறகு, சமதளத்தில் சக்கரங்கள் ஊன்றிய நிலையிலேயே இறுதி அளவை எடுக்க வேண்டும்.

முதலில் எல்லாத் தகடுகளையும் கிளாம்ப், மாஸ்கிங் டேப் ஆகியவற்றால் தற்காலிகமாக நிறுத்தி, அசைக்க முடியாத கதவுக் கீல்களிலிருந்து தொடங்கி பானட்டை நோக்கி நகர்வது நல்லது. 5 மி.மீ. தடிமனுள்ள மரத்துண்டுகளை இடைவெளிகளில் செருகி வைத்தால், கண்ணளவை நம்ப வேண்டியதில்லை. பெயின்ட்டும் பிரைமரும் விளிம்புகளில் தடிமன் சேர்க்கும் என்பதால், இடைவெளி சற்றுத் தாராளமாகவே இருக்கட்டும்.

துளையிடும்போது 3 மி.மீ. வழித்துளையில் தொடங்கி, பொருத்தம் உறுதியான பின்னரே பெரிதாக்குங்கள். ஃபைபர்கிளாஸில் துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதும், அடியில் அகலமான வாஷர் இடுவதும் அவசியம். இல்லையெனில் இறுக்கும்போதே அதன் வழவழப்பான மேற்பூச்சான ஜெல்கோட்டில் நட்சத்திர விரிசல் விழக்கூடும். ஃபைபர்கிளாஸ் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசமின்றி அறுக்கக் கூடாது. அலுமினியத் தகடு எஃகுச் சட்டகத்தைத் தொடும் இடங்களில், ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். இடையே சீலண்ட் தடவிய பிறகே ரிவெட் அடியுங்கள்.