செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கு ஆங்கர் போல்ட்: தேர்வும் அளவும்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டில் டிவி, கீசர் மாட்டப் போகிறவர்கள் போல்ட் வாங்கும் முன் சுவரைப் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட சுவர். மேலே பல அடுக்குப் பூச்சு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு என்றால் அங்கே துளையே வேண்டாம். விரிசல் விட்டால் அடையாளம் தெரியாமல் சரிசெய்வது மிகக் கடினம். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் சாதாரணச் சுவராகப் பாருங்கள்.

முதல் வேலை சோதனைத் துளை. பிராக்கெட் மறைக்கும் இடத்தில், டிரில்லின் ஹாமர் (அடித்துத் துளைக்கும்) இயக்கத்தை அணைத்துவிட்டு, 6 மி.மீ. பிட்டால் மெதுவாகத் துளையுங்கள். வெள்ளைத் தூள் வந்துகொண்டிருக்கும் ஆழம்வரை பூச்சு. சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சிவப்பு தொடங்கும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பே வராமல் பிட் மளமளவென்று இறங்கினால் அது காரை இணைப்பு. துளையைச் சற்றுத் தள்ளி வேறு இடத்தில் போடுங்கள்.

அடுத்து பாரம். டிவியும் அதைத் தாங்கும் பிராக்கெட்டின் நீளும் கையும் சேர்ந்து 25 கிலோ, கையை இழுத்தால் சுவரிலிருந்து 50 செ.மீ., மேல் போல்டுக்கும் கீழ் போல்டுக்கும் இடையே 25 செ.மீ. என்று வையுங்கள். 25 × 50 ÷ 25 = 50 கிலோ இழுவிசை மேலே விழும். மேலே இரண்டு போல்ட் என்றால் ஆளுக்கு 25. பழைய செங்கல்லுக்கு நான்கு மடங்கு பாதுகாப்பு வைப்பேன்: ஒவ்வொன்றும் 100 கிலோ தாங்க வேண்டும். எடையை மட்டும் பார்த்து, கை நீளத்தை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

கான்கிரீட்டுக்கான விரியும் ஆங்கரை இங்கே போடாதீர்கள். அது பக்கவாட்டில் நெருக்கிப் பிடிப்பது. பழைய செங்கல் பிளந்துவிடும். குழாயில் வரும் பசையைத் துளையில் நிரப்பி மரைக் கம்பியை ஒட்டவைக்கும் கெமிக்கல் ஆங்கர்தான் என் தேர்வு. உள்ளே இடைவெளி தென்பட்டால் பசை வழிந்துபோகாமல் தடுக்கும் வலை உறையும் சேர்த்து வாங்குங்கள்.

வலை உறை இல்லாமல், எம்-10 (10 மி.மீ. விட்டம்) மரைக் கம்பிக்குப் பொதுவாக 12 மி.மீ. துளை. ஆழத்தைச் செங்கல்லில் மட்டும் கணக்கிடுங்கள்; பூச்சுக்குப் பலம் கிடையாது. செங்கல்லில் 80, பூச்சு 30 என்றால் துளை 110 மி.மீ. பிராக்கெட்டுக்கும் நட்டுக்கும் கம்பி இன்னும் நீண்டிருக்க வேண்டும். பசைக் குழாயில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

துளையைச் சுத்தம் செய்வதில்தான் பிடிப்பே இருக்கிறது. ஊதுங்கள், கம்பி பிரஷால் தேயுங்கள், மறுபடி ஊதுங்கள். தூள் வருவது நிற்கும்வரை விடாதீர்கள். தூள் இருந்தால் பசை செங்கல்லைப் பிடிக்காமல் தூளைப் பிடிக்கும். குழாயிலிருந்து முதலில் வரும் பசையை, நிறம் ஒன்றாகக் கலக்கும்வரை, வெளியே தள்ளிவிடுங்கள். பிறகு துளையின் அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, கம்பியைத் திருகியபடியே உள்ளே விடுங்கள்.

குழாயில் குறித்த நேரம்வரை கம்பியைத் தொடாதீர்கள். நட்டை அளவாக முறுக்குங்கள். அதிகமானால் பூச்சு நசுங்கும். கம்பி சேர்ந்து சுழன்றால் அந்தத் துளையை விட்டுவிட்டு வேறு செங்கல்லில் புதிதாகப் போடுங்கள்.