அளவெடுத்துத் தோல் செருப்பு செய்துகொள்வது எப்படி?

மாலை ஐந்து மணிக்கு மேல் அளவு கொடுங்கள். என் முதல் ஜோடிக்குக் காலை ஒன்பது மணிக்கு, ஸ்டூலில் சௌகரியமாக உட்கார்ந்தபடி அளவு கொடுத்தேன். செருப்பு கைக்கு வந்த அன்றே பினாங்கின் லெபோ பசார் தெருவிலிருந்து கொம்தார் கட்டடம் வரை நடந்தேன். போய்ச் சேர்வதற்குள் சுண்டுவிரலில் கொப்புளம். செய்து தந்தவரைக் குறை சொல்ல முடியாது. பினாங்கு வெயிலில் நாள் முழுக்க நடந்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். நிற்கும்போது உடலின் எடை அதன் மேல் இறங்கினால் இன்னும் அகலும். நான் கொடுத்தது ஓய்வெடுக்கும் பாதத்தின் அளவு.

முதலில் வடிவத்தை முடிவு செய்யுங்கள். கட்டைவிரல் வளையமும் ஒரு குறுக்கு வாரும் போதும். குதிகாலைச் சுற்றும் பின்வார் பார்க்க அழகுதான், ஆனால் ஒரு நாளில் எத்தனை வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது தோல். கடுக்காய், ஆவாரம்பட்டை போன்றவற்றின் சாற்றில் பதனிட்டதும் உண்டு, குரோமிய உப்பில் பதனிட்டதும் உண்டு. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: உள்ளே நீலமோ சாம்பலோ தெரிந்தால் பெரும்பாலும் குரோமியம். பட்டையில் பதனிட்ட தோல் முதலில் விறைப்பாக இருந்தாலும், நாளாக நாளாக உங்கள் பாதத்தின் பள்ளம் மேடுகளை வாங்கிக்கொள்ளும். பாதம் படியும் அடித்தோலுக்கு அதையே கேளுங்கள். மாட்டுத்தோல் வேண்டாம் என்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆட்டுத்தோல் மெல்லியது, உள்பக்கம் ஒட்ட ஆகுமே தவிர வாராகத் தனியே தாங்காது.

இனி அளவு. தடித்த காகிதத்தின் மேல் இரண்டு கால்களிலும் எடையைச் சமமாக ஊன்றி நில்லுங்கள். குனிந்து நீங்களே வரையக் கூடாது. குனிந்ததும் எடை முன்னால் சாய்ந்துவிடும். வரைபவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடிக்கிறாரா என்று கவனியுங்கள். உள்பக்கமாகச் சாய்த்தால் கோடு பாதத்தின் அடியில் புகுந்து அளவு குறைந்துவிடும். இரண்டு பாதங்களையும் வரையச் சொல்லுங்கள். என் இடது பாதம் வலதைவிட நான்கு மில்லிமீட்டர் நீளம் என்பது நாற்பது வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பென்சில் முனையைச் செருகி ஒரு புள்ளி வைக்க வேண்டும். வளையத்தின் ஒரு முனை இறங்கும் துளை அங்கேதான் வரும். புள்ளி முன்னே தள்ளிப்போனால் விரல் நுனி அடித்தோலைத் தாண்டி நிற்கும், பின்னே போனால் குதிகால் வெளியே தொங்கும். வேறு எதை விட்டாலும் இந்தப் புள்ளியை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

அடித்தோலுக்குக் கீழே, தரையில் படும் அடிப்பகுதிக்கு ரப்பர் கேளுங்கள். அலமாரியில் சும்மா கிடந்த சப்பாத்து கல்யாணத்துக்குப் போட்ட அன்று பொடிப்பொடியாக உதிர்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது பாலியூரித்தேன், நம் ஊர் ஈரக்காற்று அதைத் தின்றுவிடும்.

வார்களின் முனைகளை அடித்தோலுக்குக் கீழே இழுத்து ஒட்டித் தைப்பதற்கு முன்னால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். “கொஞ்சம் பிடிக்கிறதே ஐயா” என்று நான் இழுத்தபோது, “பிடிக்கட்டும் தம்பி, வார் இளகிக் கொடுக்கும்” என்றார் இரண்டாவது ஜோடியைச் செய்தவர். பத்தே நாளில் இளகியது. வலித்தால் மட்டும் தளர்த்தச் சொல்லுங்கள். தீபாவளி, ஹரி ராயா நெருங்கும்போது அவசரப்படுத்தினால் இந்தப் பொறுமை யாரிடமும் கிடைக்காது.

மழையில் நனைந்தால் துடைத்து, நாளிதழ் மேல் வைத்து நிழலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வெள்ளையாகப் பூசணம் பூக்கும்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கியதை வெள்ளிக்கிழமை கோவில் வாசலில் விட்டுவிட்டு எனக்குச் சாமி கும்பிட மனம் வருவதில்லை. அங்கே மட்டும் பழைய ரப்பர் ஜப்பான் சிலிப்பர்தான்.