தேயிலை விலையிலிருந்து மலை ரயில் வரை: நம் குறையைக் கேட்க வேண்டிய எதிர்க்கட்சி உறுப்பினரைக் கண்டறிவது எப்படி?

பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலை ஒன்றாகவும், தொழிற்சாலையிலிருந்து கைக்கு வந்து சேரும் விலை வேறொன்றாகவும் இருப்பது கோத்தகிரி, குன்னூர் வட்டாரச் சிறு விவசாயிகளின் நெடுநாள் குறை. இந்தக் குறையை எழுதி, கையெழுத்து வாங்கி, தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி பேசும் எதிர்க்கட்சிப் பிரமுகர் ஒருவருக்கு எங்கள் ஊரிலிருந்து ஒருமுறை அனுப்பினோம். அவர் எந்த அவையிலும் உறுப்பினர் அல்லர் என்பதும், அந்தத் துறையை அவருடைய கட்சியில் வேறொருவர் கவனித்துவந்தார் என்பதும் பின்னர்தான் தெரிந்தது. அதற்குள் கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. அந்தத் தவறு இன்னொரு ஊருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கட்சியின் செய்தித் தொடர்பாளர் வேறு, அவையில் ஒரு துறைக்காகப் பேசும் உறுப்பினர் வேறு. முன்னவர் ஊடகங்களுக்குக் கட்சியின் நிலையைச் சொல்பவர். பின்னவரால்தான் அமைச்சரை எழுந்து நின்று பதில் சொல்லவைக்க முடியும். பிரிட்டனில் இந்த வேறுபாடு வெளிப்படையாக இருக்கிறது. அங்கே முதன்மை எதிர்க்கட்சி, ஒவ்வோர் அமைச்சருக்கும் எதிரே ஒரு நிழல் அமைச்சரை நியமித்து, நிதிக்கு இன்னார், சுகாதாரத்துக்கு இன்னார் என்று பட்டியலை வெளியிடுகிறது. புதன்கிழமைகளில் பிரதமரிடம் ஆறு கேள்விகள் கேட்கும் உரிமை எதிர்க்கட்சித் தலைவருக்கு உண்டு. ஒரு கூட்டத்தொடரில் 20 நாட்கள் எதிர்க்கட்சிகள் தேர்ந்தெடுக்கும் பொருளுக்கென ஒதுக்கப்படுகின்றன. அவற்றில் 17 முதன்மை எதிர்க்கட்சிக்கு உரியவை. அங்குள்ள குடிமகன் பட்டியலைப் பார்த்தாலே யாருக்கு எழுத வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நம் நாட்டில் எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கு 1977ஆம் ஆண்டின் சட்டம் ஊதியமும் தகுதியும் அளிக்கிறது. ஆனால் நிழல் அமைச்சரவைக்குச் சட்டத்திலும் இடமில்லை, நிலைத்த மரபும் இல்லை. மக்களவையில் பத்தில் ஒரு பங்கு இடங்களை எந்த எதிர்க்கட்சியும் எட்டாததால் 2014 முதல் 2024 வரை அந்தத் தலைவர் பதவியே காலியாக இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முயற்சிகள் நடந்துள்ளன. ஒடிசாவில் 2024இல் ஆட்சியை இழந்த பிஜு ஜனதா தளம், ஒவ்வொரு துறையையும் கண்காணிக்கத் தன் சட்டமன்ற உறுப்பினர்களை நியமித்தது. நம் மாநிலத்தில் பாட்டாளி மக்கள் கட்சி, அரசின் நிதிநிலை அறிக்கைக்கு மாற்றாக வெளியிட்டுவரும் நிழல் நிதிநிலை அறிக்கையும் இந்த வழியில் வந்ததே. மற்றபடி, துறை வாரியான பொறுப்பாளர் யார் என்பதை நாமேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

தேடுவதற்கு முன், குறை எந்த அரசுக்கு உரியது, எந்த அமைச்சகத்துக்கு உரியது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான மனுக்கள் வழிதவறுவது இந்த இடத்தில்தான் என்பதால் இதற்குச் சற்று நேரம் செலவிடுங்கள். தேயிலை ஒரு பயிர்தான் என்றாலும், தேயிலை வாரியம் ஒன்றிய வேளாண் அமைச்சகத்தின் கீழ் இல்லை. 1953ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டப்படி அமைந்த அந்த வாரியம் வணிக அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. ஆகவே வாரியம் அறிவிக்கும் விலை, ஏலம், இறக்குமதித் தேயிலை ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் தில்லியில் வணிக அமைச்சரிடம் போக வேண்டும். ஆனால் இண்ட்கோ கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்களும் மாநில அரசைச் சார்ந்தவை என்பதால் அவற்றைப் பற்றிய குறை சென்னைக்கு உரியது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரும் மலை ரயில் ரயில்வே அமைச்சகத்துக்கு உரியது. நீலகிரியின் படகர் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கை, நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால்தான் நிறைவேறும் என்பதால், பழங்குடியினர் நல அமைச்சகத்துக்கு உரியது. கூடலூரில் பழைய ஜென்மி நிலவுடைமையாளர்களின் உரிமையில் இருந்த ஜென்ம நிலங்களின் சிக்கலோ 1969ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்திலிருந்து எழுவது. அதை மக்களவைக் கேள்வியாக அனுப்பினால், மாநில அரசுக்கு உரிய பொருள் என்று திரும்பிவர வாய்ப்புண்டு. சென்னையில் ஆளும் கட்சி தில்லியில் எதிர்க்கட்சியாக இருக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒரே கட்சிக்கு எழுதும் இரண்டு கடிதங்களை இரண்டு விதமாக எழுத வேண்டிவரும்.

அமைச்சகம் தெரிந்தபின் ஆளைத் தேடலாம். நிழல் அமைச்சர் பட்டியல் இல்லாத நாட்டில் அதற்கு மிக நெருங்கிய ஆவணம் துறைசார் நிலைக்குழுக்களின், அதாவது அமைச்சகங்களின் பணியை ஆராயும் நாடாளுமன்றக் குழுக்களின், உறுப்பினர் பட்டியல் என்பது என் கருத்து. இத்தகைய 24 குழுக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இடம்பெறலாம். அமைச்சர்கள் இவற்றில் உறுப்பினராக முடியாது. கட்சிகள் தாங்கள் விரும்பும் பெயர்களைத் தருகின்றன. அதனால் வணிக நிலைக்குழுவில் உள்ள எதிர்க்கட்சி உறுப்பினர்களை, அவரவர் கட்சிக்காக அத்துறையைக் கவனிப்பவர்கள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். துறைச் செயலாளரை நேரில் அழைத்துக் கேட்கும் வாய்ப்பு இவர்களுக்கு உண்டு. குழுக்கள் ஆண்டுதோறும் மாற்றி அமைக்கப்படுவதால், பழைய பட்டியலை நம்பிக் கடிதம் எழுத வேண்டாம்.

இத்துடன் நின்றுவிடாமல், அந்த உறுப்பினர்கள் முன்பு கேட்ட கேள்விகளையும் நாடாளுமன்ற இணையதளத்தில் பாருங்கள். உறுப்பினர் பெயரையும் அமைச்சகத்தையும் கொடுத்துத் தேடினால் கேள்வியும் பதிலும் கிடைக்கும். நிலைக்குழுவில் இருந்தும் தேயிலை பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காதவரைவிட, காப்பி, ரப்பர் பற்றி நான்கு கேள்விகள் கேட்ட கேரள உறுப்பினர் ஒருவர் நமக்குப் பயன்படலாம். மாநிலச் சட்டமன்றத்துக்கு இதே வேலையை மானியக் கோரிக்கை விவாதங்களை, அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவையின் ஒப்புதல் கேட்கும்போது நடக்கும் விவாதங்களைக் கொண்டு செய்யலாம். ஒரு துறையின் மானியக் கோரிக்கையின்மீது எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஆண்டுதோறும் யார் பேசுகிறார் என்று பார்த்தால், அறிவிக்கப்படாத நிழல் அமைச்சர் அவர்தான் என்பது விளங்கும். உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தக் கட்சியினராக இருந்தாலும் அவருக்கும் ஒரு படி அனுப்புங்கள். நீலகிரி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் உதகை, குன்னூர், கூடலூர் மூன்று மட்டுமே மலை மேல் உள்ளன. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மக்களின் தேவைகளையும் சுமக்கும் உறுப்பினருக்குத் தேயிலைக் குறையை நாம்தான் விளக்கமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடிதத்தில் குறையை மட்டும் எழுதாமல் கேள்வியையே எழுதிக் கொடுங்கள். "நீலகிரி தேயிலை விவசாயிகளின் துயரைப் போக்க அரசு என்ன செய்யப்போகிறது?" என்று கேட்டால், அரசு பல திட்டங்களைச் செயல்படுத்திவருகிறது என்ற நான்கு பத்திப் பதிலே கிடைக்கும். கீழ்க்காணும் வடிவத்தில் கேட்டால் அப்படி நழுவ முடியாது:

(அ) கடந்த மூன்று ஆண்டுகளில் நீலகிரி மாவட்டத்தில், தேயிலை வாரியம் அறிவித்த மாத விலைக்குக் குறைவாகப் பச்சைத் தேயிலைக்கு விலை கொடுத்த தொழிற்சாலைகள் எத்தனை;
(ஆ) அவற்றின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன;
(இ) நடவடிக்கை இல்லையெனில் அதற்குக் காரணம் என்ன?

முழுக் கேள்வியும் 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். வாதமும் வசையும் இடம்பெறக் கூடாது. உறுப்பினரின் அலுவலகத்துக்கு வேலை மிச்சமாகும் என்பதால் ஆங்கில வடிவத்தையும் இணைத்துவிடுங்கள். பின்னிணைப்பாக இரண்டு மூன்று விவசாயிகளின் ரசீதுகளை நகலெடுத்து வையுங்கள். நாள், எடை, கழித்த கிலோ, கொடுத்த விலை ஆகியவை தெளிவாகத் தெரியும் ஒரு ரசீது, பத்துப் பக்க மனுவைவிட அந்த உறுப்பினருக்குத் துணைநிற்கும். மழைக்காலத்தில் ஈரத்துக்கென்று எடை கழிக்கப்பட்ட ரசீது இருந்தால் அதை முதலில் வையுங்கள்.

காலக்கணக்கு மிக முக்கியம். கேள்விக்கான அறிவிப்பைக் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்னரே உறுப்பினர் கொடுத்தாக வேண்டும். ஆகையால் உங்கள் கடிதம் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அவர் கையில் இருக்க வேண்டும். மழைக்காலத் தொடர் பெரும்பாலும் ஜூலையிலும் குளிர்காலத் தொடர் நவம்பர் அல்லது டிசம்பரிலும் தொடங்கும். நிதிநிலைத் தொடரின் இடைவேளையில் நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராய்கின்றன. வாரியத்துக்கு ஒதுக்கிய நிதி பற்றிய குறையை அதற்கு முன் அனுப்புவது நல்லது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளே வாய்மொழிப் பதிலுக்கு எடுக்கப்படுகின்றன. எழுத்துப் பதிலுக்கு 230 வரை இடமுண்டு. எது எடுக்கப்படும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. எழுத்துப் பதில் வந்தால் மனம் தளர வேண்டாம், புள்ளிவிவரம் பெற அதுவே சிறந்தது.

பதில் வந்ததும் அதை ஊர்க்கூட்டத்தில் வரிவரியாகப் படியுங்கள். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது", "பரிசீலிக்கப்படும்" போன்ற சொற்கள் இருந்தால் அடிக்கோடிடுங்கள். அமைச்சர் அவையில் தரும் உறுதிமொழி மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டும் என்பது விதி. அதைக் கண்காணிக்க உறுதிமொழிக் குழு ஒன்றும் இருக்கிறது. நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்துவைத்து, அது கடந்த மறுவாரமே கேள்வி கேட்ட உறுப்பினருக்குப் பதிலின் நகலுடன் அடுத்த கடிதத்தை அனுப்புங்கள். அந்த மூன்று மாத ரசீதுகளையும் அதனுடன் சேர்த்துவையுங்கள்.