பழைய கார்ல பின்னாடி ஸ்பீக்கருக்கு புது வயர் இழுக்கறது எப்படி

பழைய கார்ல புது ஸ்டீரியோ மாட்டினதும் பின்னாடி ஸ்பீக்கர் கரகரன்னா, எல்லாரும் முதல்ல ஸ்பீக்கரத்தான் குத்தம் சொல்லுவாங்க. நானும் அப்படித்தான், புதுசா ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன், அதுவும் அதே மாதிரி கரகரன்னுச்சு. கடைசில பாத்தா டேஷ்போர்டுலேருந்து பின்னாடி வரைக்கும் ஓடுற வயர்தான் செத்துப் போயிருக்கு, இன்சுலேஷன் அப்பளம் மாதிரி நொறுங்குது.

வயர் நல்லா இருந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கு. ரொம்பப் பழைய வண்டிகள் சிலதுல பின் ஸ்பீக்கருக்கு மைனஸ் தனியா வராது, பாடில ஒரு ஸ்க்ரூ போட்டு எர்த் பண்ணி விட்டிருப்பாங்க, இல்லன்னா ரெண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரே மைனஸ் இருக்கும். அந்தக் காலத்து ரேடியோவுக்கு அது ஒத்துக்கும். இப்ப வர்ற ஸ்டீரியோவுல ப்ளஸ், மைனஸ் ரெண்டு வயர்லயுமே ஆம்ப் (சத்தத்தப் பெருக்கற சர்க்யூட்) வேலை செய்யுது, ரெண்டுலயும் பேட்டரி வோல்ட்டேஜ்ல பாதி, சுமாரா 6 - 7 வோல்ட் நிக்கும். அந்த மைனஸ் பாடில பட்டா செட் ப்ரொடெக்ஷனுக்குப் போய் ஆஃப் ஆகும், நம்ம நேரம் சரியில்லன்னா உள்ள இருக்கற ஐசி போயிடும். செக் பண்றது ஈஸி. ஸ்டீரியோவ கழட்டிட்டு மல்டிமீட்டர கன்டின்யூட்டில (ரெண்டு முள்ளும் இணைஞ்சா பீப் அடிக்கற மோடு) வெச்சு, ஸ்பீக்கர் மைனஸ்ல ஒரு முள்ளு, பெயின்ட் இல்லாத பாடி மெட்டல்ல ஒரு முள்ளு. பீப் அடிச்சா அந்த வயர மறந்துடுங்க.

வயர் 16 கேஜ் போதும், மில்லிமீட்டர் கணக்குல சுமார் 1.3 ஸ்கொயர். டப்பா மேல 4 x 50 வாட்ஸ்னு போட்டிருந்தாலும் செட் உண்மையா தொடர்ந்து குடுக்கறது சேனலுக்கு 20 வாட்ஸ் பக்கம்தான், 4 ஓம் ஸ்பீக்கர்ல அதுக்கு ரெண்டேகால் ஆம்பியர் கூட வராது. 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர்னு வெச்சாலும் 16 கேஜ் செம்பு வயர்ல ரெசிஸ்டன்ஸ் 0.13 ஓம்தான், காதுக்குத் தெரியாது. அதனால கட்டை வயர் போட்டா பேஸ் அள்ளும்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகருங்க. ஆனா செம்பான்னு மட்டும் பாத்து வாங்குங்க. மேல செம்பு பூசி உள்ள அலுமினியமா நிறைய வருது, ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி, ரெண்டு தடவை மடிச்சா இழை உடையுது. ஒரு இழைய பிளேடால சுரண்டுங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியம். நீளத்துக்கு, வயர் போகப்போற வழிலயே ஒரு கயிறப் போட்டு அளந்து, ரெண்டு முனைலயும் அரை மீட்டர் கூட விடுங்க.

பேட்டரி மைனஸ் டெர்மினல முதல்ல கழட்டணும், இத விட்டுட்டு ஆரம்பிக்காதீங்க. அப்புறம் கதவுக்குக் கீழ காலடில இருக்கற சில் பிளாஸ்டிக், டேஷ்போர்டுக்குக் கீழ சைடு பேனல், பின் சீட்டோட அடிப்பாகம், சாய்மானம். பழைய பிளாஸ்டிக் கிளிப் குளிர்ல பட்டு பட்டுன்னு உடையும், வண்டிய ஒரு மணி நேரம் வெயில்ல போட்டுட்டு கழட்டுங்க, அப்பவும் நாலஞ்சு உடையும், அதுக்குத் தயாரா இருங்க. சீட் பெல்ட் போல்ட்ல கை வைக்காம பேனல லேசா தூக்கியே வயர விட முடியுதான்னு பாருங்க, கழட்டித்தான் ஆகணும்னா திரும்ப சரியான டைட் வெச்சே மாட்டணும், அது உயிர் சமாச்சாரம். கார்பெட்ட தூக்கினதும் அடில துரு, ஈரம் இருக்கான்னு ஒரு பார்வை பாத்துக்கோங்க, இந்த சான்ஸ் அடிக்கடி வராது.

வழி எப்படின்னா, ஸ்டீரியோ பின்னாலேருந்து சைடு பேனலுக்கு இறக்கி, சில் ஓரமா ஓட்டி, பின் சீட்டுக்கு அடில கொண்டு போய், சாய்மானத்துக்குப் பின்னாடி மேல ஏத்தி ஸ்பீக்கருக்கு. சில் ஓரத்துல கம்பெனி வயரிங் ஏற்கனவே போகும், அது பக்கத்துலயே சேர்த்து அரை அடிக்கு ஒரு டேக் கட்டிக்கோங்க. வயர் நுழையாத சந்துல கெட்டியான கம்பிய முதல்ல விட்டு, அது முனைல வயர டேப் சுத்தி இழுத்தா வந்துடும். தகரத்துல ஓட்டை வழியா போனா ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்புல மாட்டற வளையம்) இல்லாம விடாதீங்க, தகரம் பிளேடு மாதிரி.

நான் சொதப்பினது சில்லுலதான். வேலையெல்லாம் முடிச்சு வண்டிய எடுத்தா பாட்டு சூப்பர், ஆனா பின்னாடி யாராவது ஏறினா வலது பக்கம் கட் ஆகுது, இறங்கினா கட் ஆகுது, நடுவுல ஒழுங்கா பாடுது. ரெண்டு நாள் ஸ்டீரியோவ நோண்டிட்டு இருந்தேன், அப்புறம் சில் பிளாஸ்டிக்க தூக்கினா அதோட ஸ்க்ரூ வயர் நடுவுல இறங்கியிருக்கு, கால் வெக்கிறப்பல்லாம் அழுத்தி ஷார்ட் ஆகுது. அன்னிலேருந்து எந்த ஸ்க்ரூ முடுக்கினாலும் அதுக்கு அடில விரல விட்டுத் தடவிட்டுத்தான் முடுக்கறேன். இதே மாதிரி சிக்கற இடம் இன்னும் ரெண்டு இருக்கு. ஒண்ணு, முன் சீட் முன்னப்பின்ன நகர்ற ரெயில். இன்னொண்ணு யாருக்கும் தோணாதது, டிக்கி மூடிக்குக் குறுக்க போற முறுக்குக் கம்பி, டிக்கி திறக்கறப்பல்லாம் அது திரும்பும், அது மேல வயர் தொங்கினா கொஞ்ச நாள்ல அறுத்துடும். ஸ்பீக்கர் பின் கதவுல இருந்தா கதவுக்கும் பில்லருக்கும் நடுவுல இருக்கற ரப்பர் குழாய்க்குள்ளதான் வயர் போகணும், கொஞ்சம் தளர்வா விட்டு, கதவ முழுசா திறந்து, கண்ணாடிய முழுசா இறக்கிப் பாத்துக்கோங்க.

ஸ்பீக்கர்ல வயர் மாட்டற ரெண்டு தகட்டுல அகலமானது பெரும்பாலும் ப்ளஸ், குறுகலானது மைனஸ். கிரிம்ப் டெர்மினல் (வயர் மேல நசுக்கிப் பிடிக்கற உலோக முனை) போட்டு மேல ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கிப் பிடிக்கற குழாய்). வெறும் முறுக்கி டேப் சுத்தற வேலை வேணாம், வெயில்ல பசை உருகி டேப் தானா அவுந்துடும். செட் பக்கம் பொதுவா வர்ற கலர், பின் இடதுக்கு பச்சை, பின் வலதுக்கு பர்ப்பிள், கருப்புக் கோடு போட்டதுங்க மைனஸ். இருந்தாலும் உங்க செட்டோட தாள ஒரு தடவை பாத்துடுங்க.

ஸ்டீரியோல சொருகறதுக்கு முன்னாடி, முன் முனைல ரெண்டு வயரையும் 1.5 வோல்ட் செல்லுல ஒரு நொடி தொட்டு எடுங்க, ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ். பின்னாடி ஒருத்தர் ஸ்பீக்கர பாக்கணும், கோன் வெளில தள்ளணும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒண்ணு உள்ள போச்சுன்னா தலைகீழா மாட்டியிருக்கீங்க, பாடும், ஆனா பேஸ் காணாமப் போயிடும். அப்படியே மீட்டர்ல ஓம் பாத்தா 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3 சொச்சம் காட்டணும், பாடிக்கு எதுவுமே காட்டக் கூடாது.

பழைய வயர உருவி எடுக்கணும்னு மெனக்கெடாதீங்க, டெயில் லைட் வயரோட ஒரே கட்டா சுத்தியிருக்கும், இழுத்தா அதுவும் சேர்ந்து வரும். ரெண்டு முனையையும் வெட்டி டேப் சுத்தி அப்படியே விட்டுடுங்க. அப்புறம் பேட்டரிய மாட்டி, பேலன்ஸ் இடது, வலது, ஃபேடர் (முன், பின் ஸ்பீக்கர் சத்தத்தப் பிரிக்கற செட்டிங்) பின்னாடின்னு மாத்தி மாத்திக் கேட்டு, பின் சீட் இல்லாமலே மேடு பள்ளமான ரோட்ல ஒரு ரவுண்டு. எங்கயும் விட்டு விட்டுப் பாடலன்னா சீட்ட மாட்டிடலாம்.