கரகரக்காத கார்ட்லெஸ் மைக்கைக் கையாளும் விதம்

பழைய அனலாக் கார்ட்லெஸ் மைக்கில் சிக்னல் குறைந்தால் முதலில் இரையும், அப்புறம் கரகரக்கும். மிக்சரில், அதாவது எல்லா மைக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் பெட்டியில், இருப்பவர் அதைக் கேட்டதுமே எழுந்து ஓடலாம். டிஜிட்டல் மைக்கில் அந்தச் சலுகை கிடையாது. கடைசி வரை சுத்தமாகப் பேசிவிட்டுச் சட்டென்று நின்றுவிடும். மன்னார்குடிப் பக்கம் மைக்செட் போடுகிறவன் நான். புதிதாக டிஜிட்டல் செட் வாங்கும் பையன்களிடம் சொல்வது இதுதான்: காதை மட்டும் நம்பாதீர்கள், மைக்கின் சிக்னலை வாங்கும் பெட்டியான ரிசீவரின் திரையைப் பார்க்கப் பழகுங்கள்.

வாங்கும் முன் மைக்கின் பேட்டரி செல் மூடியைத் திறந்து ஸ்டிக்கரில் எந்த அலைவரிசை என்று பாருங்கள். 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் வரிசை 5ஜி-க்குப் போனது. 703 முதல் 748 வரையும் 758 முதல் 803 வரையும் செல்போனுக்கானவை. அந்த எண்களில் ஓடும் மைக்கை யாராவது மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்குக்கு லைசென்ஸ் தொல்லை இல்லை, உண்மைதான். ஆனால் முகூர்த்த நாளில் மண்டபத்துக்குள் வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் நெரிக்கும். வகுப்பறைக்கு, சின்னக் கூட்டத்துக்கு அது போதும்.

சத்தத்தின் அளவை எங்கே வைப்பது என்பதில்தான் அனலாக்கில் பழகியவர்கள் தடுமாறுகிறார்கள். அனலாக் மைக் குரலை அமுக்கி அனுப்பும், ரிசீவர் அதை மறுபடி விரிக்கும். அதனால் பட்டிமன்றத்தில் கத்துகிறவருக்கு மைக்கிலேயே கெயினை, அதாவது குரலைப் பெருக்கும் அளவை, குறைத்து வைப்போம். டிஜிட்டலில் குரல் மைக்குக்குள்ளேயே எண்களாகிவிடுகிறது, நல்ல செட்களில் 24 பிட்டில். ஓதுவார் தாழ்ந்த குரலில் எடுத்து உச்சத்துக்குப் போனாலும் இரண்டும் தாங்கும். ஆகவே பல மாடல்களில் கெயின் ரிசீவரில்தான் இருக்கும். மைக்கில் ஆஃப்செட் என்று ஒன்று இருந்தால், அது ஒரே ரிசீவருக்கு இரண்டு மைக்குகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும்போது அளவைச் சமன்செய்வதற்கு. அந்த இரண்டு மைக்குகளையும் ஒரே நேரத்தில் ஆன் செய்யக் கூடாது. ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

இனி ஸ்கேன், அதாவது காலியான அலைவரிசையை ரிசீவரே தேடுவது. மண்டபத்தின் எல்.இ.டி. திரை, வைஃபை எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், உங்கள் மைக்குகள் மட்டும் அணைந்திருக்க வேண்டும். ரிசீவர் காலி இடத்தைக் கண்டுபிடித்ததும் மைக்கின் இன்ஃப்ராரெட் கண்ணை ரிசீவரின் கண்ணுக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் காட்டி சிங்க் பட்டனை அழுத்துங்கள், இரண்டும் ஒரே அலைவரிசைக்கு வந்துவிடும். அந்த மைக்கை அணைக்காமல் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்கு ஸ்கேன் செய்யுங்கள். அலைவரிசை எண்களை நீங்களே சம இடைவெளியில் போட்டுக்கொள்ள வேண்டாம். 600 மெகாஹெர்ட்ஸிலும் 601-லும் இரண்டு மைக் ஓடினால் 599-லும் 602-லும் வேண்டாத அலை பிறக்கும். மூன்றாவதை 602-ல் வைத்தால் அதன் தலையில் விழும். டிஜிட்டல் இதைக் கொஞ்சம் தாங்கும் என்றாலும், ஒன்றோடொன்று மோதாத எண்களைக் கம்பெனி போட்டுக் கொடுத்திருக்கும் குரூப் பட்டியலிலிருந்து எடுப்பதே மேல்.

மெனுவில் பவர் என்று இருக்கும், மைக் அனுப்பும் அலையின் பலம் அது. ஷூர் கம்பெனியின் எஸ்எல்எக்ஸ்-டி டிஜிட்டல் கை மைக்கில் 1 மில்லிவாட், 10 மில்லிவாட் என்று இரண்டு. மண்டபத்துக்குள் குறைந்தது போதும், மைக்குகள் ஒன்றோடொன்று மோதுவதும் குறையும். தேர் வீதியில் நடந்துகொண்டே அறிவிப்பவருக்குக் கூட்டி வையுங்கள்.

செல் விஷயத்துக்கு வருவோம், பாதி வம்பு இங்கேதான். அதே ஷூர் மைக் 2 டபுள்-ஏ செல்லில் 8 மணி நேரம் வரை ஓடும். முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம் என்றால் நடுவில் மாற்றித்தான் ஆக வேண்டும். மெனுவில் செல் வகையைச் சரியாகக் குறியுங்கள். அல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கி மெல்ல இறங்கும். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்டிலேயே நின்று கடைசியில் சரியும். வகையை மாற்றிக் குறித்தால் திரையில் தெரியும் அளவு பொய். பழசும் புதுசும் கலந்து போடாதீர்கள். பாதி தீர்ந்த செல் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு நன்றாக ஓடும், எங்கள் வீட்டில் கடிகாரம் நின்றதே இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் செல்லைக் கழற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்பிரிங்கில் களிம்பு பிடிக்க வெகுநாள் ஆகாது.

மைக்கின் ஸ்விட்சுக்கு லாக் கட்டாயம். ஊர்ப் பெரியவர் கையில் மைக் போனதும் விரல் தானாகவே ஸ்விட்சைத் தேடும். பிடிக்கிற இடத்தில் சிவப்பு டேப்பை ஒரு சுற்று ஒட்டுங்கள். அடிப்பக்கத்தை மூடினால் ஆன்டெனா மறையும், தலையைப் பொத்தினால் பாக்ஸ் விசில் அடிக்கும். வெளியாள் ஒட்டுக்கேட்காமல் சிக்னலைப் பூட்டும் என்கிரிப்ஷன் நமக்குத் தேவைப்படாது.

ரிசீவரை மிக்சர் பக்கம் வைக்காதீர்கள். மேடை ஓரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, இரண்டு ஆன்டெனாவும் விரித்தபடி இருக்கட்டும். மீதி தூரத்தை வயர் பார்த்துக்கொள்ளும். மனித உடம்பு சிக்னலைக் குடிக்கும், கூட்டம் சேர்ந்தபின் நிலைமை வேறு. அப்புறம் ஒரு பையனை மைக்கோடு எல்லா மூலைக்கும் அனுப்புங்கள். எங்கள் பையன் கண்டக்டர் குரலில் "நாச்சியார்கோயில், குடவாசல், திருவாரூர்" என்று கூவிக்கொண்டே போவான். நீங்கள் அவன் குரலைக் கேட்காமல் சிக்னல் கட்டங்களைப் பாருங்கள். குரல் நன்றாகவே இருக்கும், கட்டம் ஒன்றுக்கு இறங்கியிருக்கும். அந்த மூலைக்குப் பேசுகிறவர் போகப்போகிறார் என்றால் ரிசீவரை நகர்த்துங்கள்.

நாதஸ்வரத்துக்கும் உட்கார்ந்து பாடும் கச்சேரிக்கும் நான் இன்றும் வயர் மைக்தான் வைக்கிறேன். நடக்காத மனிதருக்கு எதற்கு கார்ட்லெஸ்?

கடைசியாக, தலைக்கூண்டைத் திருகிக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். உள்ளே குரலை வாங்கும் கேப்சூலில் ஒரு சொட்டும் படக் கூடாது. வெற்றிலைச் சாறு கம்பி வலையில் காய்ந்துவிட்டால் பழைய பல் பிரஷ்தான் கதி. உள் ஸ்பாஞ்ச் முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் அடுத்த கல்யாணத்தில் பேசுகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கும்.