மூட்டுத் தெரியாத பின்னணி டைல்

வெப்சைட் பின்னணிக்கு டைல், அதாவது திரும்பத் திரும்ப அடுக்கி நிரப்பும் சின்னப் படம், செய்பவர்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேரும் ஓரத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஓரத்தைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். காட்டிக்கொடுப்பது நடுவில் இருக்கும் ஏதோ ஒன்று.

ஒரு முறை பழைய காகிதத்தை ஸ்கேன் செய்து 512 பிக்சல் டைல் ஒன்று செய்தேன். டைல்கள் சேரும் மூட்டு துளிகூடத் தெரியவில்லை. வெப்சைட்டில் போட்டதும், காகிதத்தில் இருந்த கடுகளவு பழுப்புப் புள்ளி சிப்பாய் மாதிரி வரிசை கட்டி நின்றது. அதைப் பார்த்துவிட்டால் கண் எழுத்துக்குத் திரும்பாது.

அதனால் முதல் வேலை, வெளிச்சத்தைச் சமமாக்குவது. படத்தின் இடப்பக்கம் கொஞ்சம் வெளிறி, வலப்பக்கம் கொஞ்சம் இருண்டிருந்தால், மூட்டை எப்படி மறைத்தாலும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் லேயரை நகலெடுத்து, மேலே இருப்பதற்கு 60 பிக்சல் அளவில் காசியன் பிளர் கொடுத்து மங்கலாக்கி, அது கீழ் லேயரோடு கலக்கும் மோடைக் 'கிரெய்ன் எக்ஸ்ட்ராக்ட்' என்று மாற்றுங்கள். வெளிச்ச வேறுபாடு போய், காகிதத்தின் நாரும் சொரசொரப்பும் மட்டும் சாம்பல் நிறத்தில் நிற்கும். இரண்டையும் ஒரே லேயராக்கிவிட்டு நிறத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் ஆஃப்செட். 512 பிக்சல் படத்தை இரு திசையிலும் 256 நகர்த்துங்கள்; ஓரம் தாண்டுவது மறுபக்கம் வந்து சேர, 'ராப் அரவுண்ட்' தேர்வாகியிருக்க வேண்டும். ஓரங்கள் நடுவுக்கு வந்து கூட்டல் குறிபோல மூட்டு தெரியும். படத்தின் வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும் குளோன் அல்லது ஹீலிங் கருவியால் அதை மூடுங்கள். நேர்கோட்டில் இழுக்காதீர்கள், வளைந்து நெளிந்து போங்கள். புதிய ஓரங்களைத் தொடவே கூடாது, அவை ஏற்கெனவே பொருந்தியிருக்கின்றன.

கையால் வரைகிற பூ, கொடி என்றால் கணக்கு வேறு. டைலின் அகலம் 400 பிக்சல், இடது ஓரம் 0 என்று வையுங்கள். 390இல் நடுப்புள்ளி வைத்த பூ வலது ஓரத்தில் வெட்டுப்படும். அதே உயரத்தில் -10இல் ஒரு நகல் வைத்தால் மீதிப் பூ இடது ஓரத்தில் எட்டிப் பார்க்கும். மூலையில் விழும் பூ நான்கு மூலையிலும் வேண்டும். கிரிட்டா என்ற வரைகலை மென்பொருளில் W விசையைத் தட்டினால் டைல் சுற்றிலும் அடுக்கித் தெரியும், வரையும்போதே பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் பிடித்த வழி.

சரி, சோதனை. மூன்றுக்கு மூன்றாக அடுக்கி, திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எந்தப் புள்ளி முதலில் கண்ணில் படுகிறதோ அதை அழியுங்கள். மறுபடி பாருங்கள். நான் நாலைந்து சுற்று போகாமல் விடுவதில்லை.

சேமிக்கப் பிஎன்ஜி, கோட்டோவியத்துக்கு எஸ்விஜி. ஜேபெக்கின் சுருக்கம் ஓரப் பிக்சல்களைக் கலைத்து மூட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

வெப்சைட்டின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் அடுக்குவதற்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம். பின்னணிப் படம் இயல்பாகவே இரு திசையிலும் அடுக்கிக்கொள்ளும். கூர்மையான திரைகளுக்காக 512 பிக்சல் டைலை 256 பிக்சல் அளவில் காட்டுங்கள். அந்த அளவைச் சதவீதத்தில் கொடுக்காதீர்கள்: அகலம் பின்னத்தில் முடிந்தால் சில திரைகளில் டைல்களுக்கு நடுவே மயிரிழைக் கோடு விழும், நீங்கள் படத்தில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது.